ஆறு நாற்பது வண்டியில் வருகிறவன்

ரூபஸை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். அதில் ஒன்பது வருஷம் ரயில் பழக்கம். திருத்தணியிலிருந்து காலையில் கிளம்புகிற லோக்கலில், முன்னாலிருந்து நாலாவது பெட்டியில், ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவன். அவன் வேறொரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். இதை நான் சொன்னால்தான் உண்டு. அவனைக் கேட்டால் "போர்டு வேலைண்ணா" என்பதோடு முடித்துக்கொள்வான்.

போர்வெல் மோட்டாருக்கான கன்ட்ரோல் போர்டு அது. திருவாலங்காட்டில் கரும்பு போட்டவர் வீட்டில் படுத்தபடியே செல்போனில் கூப்பிட்டால் கொல்லையில் மோட்டார் ஓடும். தண்ணீர் வற்றினாலோ கரண்டில் ஒரு பேஸ் போனாலோ தானாக நின்றுவிடும். அந்தப் போர்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கும். அந்தச் சிப்புக்குள் எது எப்போது நடக்க வேண்டும் என்று எழுதுகிறவன்தான் ரூபஸ்.

"உள்ள ஏத்தி வெளிய அனுப்பிட்டா அவ்ளோதாண்ணா. கொல்லை கொல்லையா போயி திருத்திகினு இருக்க முடியாது. நான் தப்பு பண்ணா ஒருத்தன் மோட்டாரு எரிஞ்சி பூடும்" என்பான்.

அதனால் ஒரு வரி எழுத ஒரு மணி நேரம் யோசிப்பான். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் ஏற்றமும் இறக்கமுமாகக் கோடு போட்டு, செகண்டை ஆயிரமாகக் கூறு போட்டுப் பார்ப்பான். நாங்கள் சீட்டுக்கட்டை எடுத்தால் அவன் ரப்பரை எடுப்பான். அவனிடம் மணி கேட்டால்கூட "எட்டு அடிக்கப் போகுது" என்று சொல்ல மாட்டான். "ஏழு ஐம்பத்தாறு" என்பான். இப்படிப்பட்டவனோடு ஒன்பது வருஷம் உட்கார்ந்து வந்தேன் என்றால் என் பொறுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் அம்மா லில்லி டீச்சர். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் இரண்டு பிள்ளைகளுக்கும் மூக்கைத் துடைத்துவிட்டு அ, ஆ சொல்லிக் கொடுத்த கை அது. கணவர் ஜெயபால் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ரூபஸுக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப்போனது. பிறகு அவனே வேண்டாம் என்றுவிட்டான். வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான்.

சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு எங்கள் வண்டி திருத்தணிக்குள் நுழையும்போது டீச்சர் பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நிற்பார். மழையானாலும் நிற்பார். "வந்துட்டியா நைனா" என்று அவன் கையிலிருந்து டிபன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். நாற்பதைத் தொடப்போகிற ஆள் சின்னப் பிள்ளை போலப் பின்னாலேயே போவான். நாங்கள் கேலி செய்வோம். உள்ளுக்குள் பொறாமைதான். என்னை அழைத்துப்போக என் தெரு நாய்கூட வந்ததில்லை.

அந்த அம்மாளுக்குத்தான் மறதி வந்தது. முதலில் பால் பொங்கி வழிந்தது, சாவி தொலைந்தது. வயசானால் சகஜம் என்று எல்லோரும் சொன்னோம். பிறகு ஒரு ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி, மஞ்சள் துணி, அரோகரா. பிள்ளையை அழைக்கக் கிளம்பிய டீச்சர் கூட்டத்தோடு கூட்டமாகத் திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டார். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "எம் புள்ள வர்ற வண்டி இதுதானே?" என்றிருக்கிறார். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரம்மா தன் பக்கத்தில் உட்காரவைத்து, டீச்சர் கைப்பையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். நானும் ரூபஸும் போய் அழைத்து வந்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னான்.

"இனிமே நான் வூட்ல இருக்கணும்ணா. எங்கம்மா கண்ணு முன்னாடி இருக்கணும்."

போர்டு வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது. சிப்பில் ஏற்றுகிற கருவி, அளந்து பார்க்கிற கருவி எல்லாம் கம்பெனி மேஜையில்தான் இருக்கும். வீட்டிலிருந்து செய்ய மென்பொருள் வேலைதான் வழி. எட்டு மாதம் ரயிலில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படித்தான். பகலில் பக்கத்து வீட்டுத் தாயம்மாள் பூக்கட்டிக்கொண்டே டீச்சரைப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் பெங்களூரில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. ஓட்டல் ரூம் பதிவு செய்கிற மென்பொருள். அவனுக்கு மேலதிகாரி சினேகா என்று ஒரு சேலத்துப் பெண். இவனைவிடப் பதிமூன்று வயது சின்னவள்.

"எப்பிடிப்பா இருக்குது புது வேல?" என்று கேட்டேன்.

"தப்பா அனுப்பினாலும் பரவால்லன்றாங்கண்ணா. நாளைக்கி திருத்தி அனுப்பிக்கலாமாம். ஒரு நாளைக்கி நாலு தபா அனுப்புறாங்க" என்றான். சொல்லும்போது அவன் முகம் சாணியை மிதித்தவன் முகம் மாதிரி இருந்தது. இருந்தாலும் செய்தான். அவன் அனுப்பியது மட்டும் திரும்பி வந்ததே இல்லையாம்.

எல்லாம் சரியாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. டீச்சருக்குப் பிள்ளை என்றால் காலையில் வண்டி ஏறிப் போகிறவன், சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு இறங்குகிறவன். முதல் வாரம், "லீவா நைனா?" என்று கேட்டார். அடுத்த வாரம், "ஒடம்பு சரியில்லையா?" என்றார். மூன்றாம் மாதம், நாள் முழுக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இங்கிலீஷ் பேசுகிற அந்த ஆளைப் பார்த்து, "சார், காப்பி குடிக்கிறீங்களா?" என்றார். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டில் சார்தான்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும். "சார், எம் புள்ள வர்ற நேரம். கேட்ட தொறங்க." திறக்காவிட்டால் அழுகை, ஆவேசம். திறந்துவிட்டு அவனும் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வருவான். நான் ஆறு நாற்பதுக்கு இறங்கும்போது குழாய் பக்கத்தில் இருவரும் நிற்பார்கள். தன்னை அழைத்துப்போகத் தானே வந்து நிற்கிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்தேன்.

"சக்திவேலு, எம் புள்ள ஏறலயா?"

முதல் தடவை, "இதோ நிக்கிறானே டீச்சர்" என்றேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று இருந்தது. அன்று அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகப் பெரும்பாடு பட்டோம். மறுநாளிலிருந்து, "ஓவர்டைம் டீச்சர், அடுத்த வண்டில வந்துகினு இருக்கான், நீங்க வூட்டுக்குப் போங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ரூபஸ் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். என் வாழ்க்கையில் இவ்வளவு நாள் விடாமல் சொன்ன பொய் வேறு இல்லை.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் கம்பெனி எல்லோருடைய லேப்டாப்பிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருளை வைத்தது. ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று சிவப்புக் குறி விழும். நோட்டில் பென்சிலால் யோசிக்கிறவனுக்கு அது எப்படி ஒத்துவரும்? பகலில் எப்படியோ சமாளித்தான். ஆறு மணியிலிருந்து ஏழு பத்து வரை ஸ்டேஷன். அதை எப்படிச் சமாளிப்பது? வேலை நேரமோ ராத்திரி எட்டு மணி வரை. சினேகாவிடம் அனுமதி கேட்டான். டாக்டர் சான்றிதழோடு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பச் சொன்னாள், கிடைத்துவிடும் என்றுகூடச் சொன்னாள். அந்தப் படிவத்தில் அம்மாவின் நோயை எழுத வேண்டும். அந்த வார்த்தையை அவன் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. எழுதவும் கை வரவில்லை.

பிளாட்பாரத்தில் இதை என்னிடம் சொன்னபோது நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"மவுஸ ஆட்டி உடறதுக்கு ஒரு மெஷினு பண்ணேன்டா. மோட்டாரையே ஓட்டுனவன் நீ, ஒரு எலிய ஓட்ட மாட்டியா?" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டான். பழைய கன்ட்ரோல் போர்டு ஒன்று, பழுதான சிடி டிரைவிலிருந்து பிடுங்கிய மோட்டார், அதன் மேல் காப்பித்தூள் டப்பா மூடி, மூடி மேல் மவுஸ். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை மூடி கொஞ்சம் திரும்பும். மவுஸுக்கு யாரோ தன்னை நகர்த்துவதாக நினைப்பு.

"நாப்பது வரிதாண்ணா" என்றான். "நாலு நிமிஷம்னா நாலு நிமிஷம். ஒரு நாளைக்கி ஒரு செகண்டு கூட தள்ளாது. பாருங்க, பாருங்க, இப்ப திரும்பும்." திரும்பியது. கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தான். மென்பொருள் வேலைக்குப் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நானும் கைதட்டினேன். முட்டாள்.

ஐந்து மாதம் கழித்து சினேகா வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் ஹெச்.ஆர். ஆள் ஒருவர். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு பத்து வரை இவன் மவுஸ் அசைந்த நேரத்தையெல்லாம் வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். இருநூற்று நாற்பது செகண்டு, இருநூற்று நாற்பது செகண்டு. ஐந்து மாதமும் அதேதான். நடுவில் ஒரு எழுத்துகூடத் தட்டப்படவில்லை.

"மனுஷங்க இப்படி அசைய மாட்டாங்க ரூபஸ்" என்றாளாம் அவள்.

"என் வேலையில தப்பு இருந்துச்சா?"

"இல்ல. உங்க வேலையில எப்பவுமே தப்பு இல்ல." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியதாம். ஆனால் ஏமாற்று ஏமாற்றுதான், கம்பெனி விதி அப்படி. இவன் அப்போதாவது அம்மாவைப் பற்றிச் சொன்னானா? சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு அம்மாவைக் கேடயமாகப் பிடிப்பதா என்று என்னிடமே சண்டைக்கு வந்தான். பத்து நிமிடத்தில் லேப்டாப் பூட்டிக்கொண்டது. இரண்டு நாளில் கூரியர்காரன் வந்து பெட்டியில் போட்டு எடுத்துப்போனான்.

நான் அந்த மெஷினைச் செய்திருந்தால் மூடி ஒரு தடவை மூன்று நிமிடத்தில் திரும்பும், ஒரு தடவை ஏழில் திரும்பும், ஒரு தடவை கழன்றே விழுந்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. பொய் சொல்லக் கொஞ்சம் சோம்பேறித்தனம் வேண்டும். ரூபஸுக்கு அது பிறவியிலேயே இல்லை. பொய்யிலும் ஒரு செகண்டு தவற அவனுக்கு மனம் வரவில்லை. என் வாய்தான் இதற்கெல்லாம் ஆரம்பம் என்று பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் வீட்டிலிருந்து செய்கிற வேலை தேடினான். போன கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். இவன் உள்ளதைச் சொல்வான். அதோடு சரி. கடைசியில் அம்பத்தூர் கம்பெனிக்கே போய் நின்றான். எழுதுகிற வேலைக்கு ஷாலினி என்று புதிய பெண் வந்துவிட்டிருந்தாள். அவள் எழுதிய போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற மேஜை காலியாக இருந்தது. உட்கார்ந்துகொண்டான். டீச்சரைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தாயம்மாள் மறுபடியும் ஒத்துக்கொண்டாள். முதல் நாள் காலையில் அவன் வெளியிலிருந்து கேட்டைப் பூட்டிச் சாவியைத் தாயம்மாளிடம் கொடுத்ததை நான் பார்த்தேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். எந்த அம்மாவைக் கண் முன்னால் வைத்துக்கொள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தானோ, அந்த அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ரயிலேறினான். அன்று அவன் நோட்டை வெளியே எடுக்கவில்லை. அரக்கோணம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன்.

அன்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு வண்டி திருத்தணிக்குள் நுழைந்தது. குழாய் பக்கத்தில் டீச்சர். தாயம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போலச் சொல்ல வேண்டிய பொய்யை நாக்கில் தயாராக வைத்துக்கொண்டு நான் முதலில் இறங்கினேன். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"வந்துட்டியா நைனா!"

ரூபஸ் படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள்.

"எங்கடா பூட்ட இத்தினி நாளா? தெனம் வந்து நின்னுகினு இருந்தேன் தெரியுமா?" டிபன் பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கன்னத்தைத் தடவினார். "எளச்சி பூட்டியே."

"வேல ஜாஸ்திமா" என்றான்.

டீச்சர் முன்னால் நடந்தார். நாலு அடி போய் நின்று திரும்பினார்.

"நம்ம வூட்ல ஒரு சார் இருந்தாருடா. உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நல்ல மனுஷன். எனக்கு சோறு ஊட்டுவாரு, தல வாரி உடுவாரு, தெனம் என்கூடவே இங்க வந்து நிப்பாரு. காலையிலேருந்து ஆளக் காணோம். பூட்டாரு போலருக்கு."

"ஆங்மா. பூட்டாரு."

"பாவம்டா" என்றார் டீச்சர். "பகலெல்லாம் எங்கிட்டயே கெடந்தாரு. அவருக்கு அம்மா இல்ல போலருக்கு."