மருமகள் செய்த ஒன்பது பொத்தான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று எங்கள் தெருவில் எந்த இரும்புக் கதவைத் தட்டினாலும் அது என் வெல்டிங் பட்டறையில் பிறந்ததாகத்தான் இருக்கும். கைவேலையில் இன்னொருவரை மெச்சுவது என் வழக்கமில்லை. அப்படிப்பட்டவன் மருமகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்க வேண்டும். கல்லீரல் இயல்பு, பித்தப்பையில் கல் இல்லை, சிறுநீரகம் இரண்டும் இயல்பு என்று நாள் முழுக்க அதே வரிகள். அடித்து அடித்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேகம் குறைந்தது. "மாசக் கடைசிக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள் பாத்துக்கறேம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"விட்டுத் தள்ளு. நம்ம பட்டறையில வந்து உட்காரு" என்றேன்.

"உங்க பட்டறைச் சத்தத்துக்கு இந்த வலியே தேவலை மாமா" என்றாள். அந்த வேலை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஒரு விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசை முழுக்கக் கடைபரப்பினாள். ஒன்பது பொத்தான், தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு, மயிரிழை போல ஒயர். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு கால். ஒரு காலிலிருந்து போர்டுக்குத் தனி ஒயர். இன்னொரு காலை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சேர்த்து ஈயத்தை உருக்கி ஒட்டினாள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த வரிகள் வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிப் போர்டுக்குள் ஏற்றினாள். கம்ப்யூட்டருக்கு அது இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அடக்கிவைக்கிற பெட்டி என் உபயம். தகரத்தை வெட்டி, மடித்து, விளிம்பை அரம் போட்டுக் கொடுத்தேன். உள்ளே வைத்ததும் போர்டு செத்ததுபோல் கிடந்தது. ஈயப் புள்ளிகள் தகரத்தில் பட்டுவிட்டனவாம்.

"மாமா, உங்க பெட்டி கரண்டைக் குடிக்குது."

"என் பெட்டியில குத்தமில்ல. உன் போர்டுக்குத்தான் கூச்சம்."

சிரித்துக்கொண்டே அடியில் ரப்பர் துண்டு வைத்தாள். போர்டு உயிர்த்தது.

அதற்கப்புறம் வயிற்று ஸ்கேன் என்றால் ஒரே அழுத்து. முழு ரிப்போர்ட்டும் கொட்டும். இயல்பில்லாத வரியை மட்டும் திருத்தினால் போதும். வெளியே கூட்டம் குறைந்தது, மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. "நம்ம பெட்டி" என்று நானும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு லாரி டிரைவர் ரிப்போர்ட்டும் கையுமாகத் திரும்பி வந்தார். ஆஜானுபாகுவான ஆள், பெரிய மீசை. "ஏம்மா, இத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன், எனக்குக் கர்ப்பப்பை நல்லா இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வீட்டுல எத்தனை மாசம்னு கேக்கறா!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்ட டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பெட்டி இனிமே இங்க இருக்கக் கூடாது. இன்னொரு தப்பு வந்தா நீயும்தான்."

பெட்டியோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். "இதுக்கா முகத்தைத் தொங்கப் போடறே? ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு பொத்தானைப் பிரிச்சு வை, முடிஞ்சுது" என்றேன்.

"அவசரத்துல அதையும் மாத்தி அழுத்துவேன் மாமா. நான் பாக்காம அழுத்தினேன், அதான் தப்பு. நாளைக்குக் கல்லு இருக்கிறவருக்குக் கல்லு இல்லேன்னு போயிடும். அவர் சிரிச்சுட்டுத் திரும்பி வர மாட்டார்."

அன்றிரவே கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இப்போது வயிற்று ஸ்கேன் பொத்தான் 'கல்லீரல்' என்று மட்டும் அடித்துவிட்டு நின்றுவிடும். 'இயல்பு' பொத்தானையோ 'வேறு' பொத்தானையோ அழுத்தினால்தான் அடுத்த உறுப்புக்கு நகரும். 'வேறு' என்றால் அந்த வரியை அவள் கையால் அடிக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் இதே கதை.

"ஓடற வண்டிக்கு நீயே கட்டை போடறியே!"

"போடத்தான் வேணும் மாமா."

மறுநாள் நானும் கூடப் போனேன். பெட்டி என்னுடையது; அதற்காகப் பேச ஆள் வேண்டாமா? பேச அவள் விடவில்லை. "சார், ஒரே ஒரு ரிப்போர்ட். நீங்களே அழுத்திப் பாருங்க" என்றாள்.

டாக்டர் வேண்டா வெறுப்பாக அழுத்தினார். கல்லீரல் வந்து நின்றது. 'இயல்பு' கொடுத்தார். பித்தப்பை வந்து நின்றது. முதல் பொத்தானையே மறுபடி மறுபடி குத்தினார். அசையவில்லை.

"என்னம்மா, மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார். பித்தப்பையைப் பத்தி நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல."

கையை எடுத்துவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு 'இயல்பு' பொத்தானை அழுத்தினார். அடுத்த உறுப்புக்கும் அப்படித்தான்: படம், பிறகு பொத்தான். முடிந்தபோதும் கையால் அடிக்கிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

"அடுத்தவங்களை உள்ள வரச் சொல்லு" என்றார். பெட்டியை எடுக்கச் சொல்லவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் விளிம்பை யார் மடித்தது என்று டாக்டரிடம் சொல்ல நான் வாயெடுத்தேன்.

"மாமா, நீங்க கிளம்புங்க. பேஷண்ட் வராங்க" என்றாள்.