மூன்றாம் வாங்கின் தென் ஓரம்

“ஞாயிறு. திருவிருந்து. காலையில் தூறல். மூன்றாம் வாங்கு, தென் ஓரம் — வெறுமை.”

இரண்டு மாதத்துக்கு முன் என் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதிய வரி இது. எங்கள் கோயிலில் சனம் வரிசையாக உட்காரும் நீள வாங்குகளில் அந்த ஓரம் செல்லையா அண்ணையின் இடம். கொடிகாமம் சந்தைக்கு மிளகாய் அனுப்பும் தோட்டக்காரர். எங்கள் சிறிய சபையில் நான் வரவு எழுதத் தொடங்கிய நாள்முதல் அதுவரை, அவர் திருவிருந்துக்குத் தவறியதாக ஒரு வரி கிடையாது.

அன்றைக்கு ஏன் வரவில்லை? எனக்குத் தெரியும். காரணம் நான்தான்.

திருவிருந்துக்கு முதல்நாள் ஆயத்தக் கூட்டம் வைப்பது எங்கள் வழக்கம். ஒருவரோடொருவர் மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துக்கொள்வதற்கான கூட்டம். வேடிக்கையைப் பாருங்கள் — அந்தக் கூட்டத்தில்தான் நான் ஒரு மனத்தாங்கலை உண்டாக்கினேன்.

அதிகம் கதைக்காத செல்லையா அண்ணை அன்று எழுந்து சாட்சி சொன்னார். “இந்தக் கோயில் கட்டேக்கை என்ரை அப்பு கல்லுச் சுமந்தவர். அந்தச் சுவருக்குள்ளை இருந்து நான் செபம் பண்ணுறன். எனக்கு அது போதும்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? சபை ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.

“பிழை அண்ணை. கோயில் பிரதிஷ்டையாகி இரண்டு வருஷமும் நாலு மாதமும் கழிச்சுத்தான் உங்கடை தகப்பனார் ஞானஸ்நானம் எடுத்தவர். பிறகெப்பிடிக் கல்லுச் சுமந்தவர்?”

யாரோ சிரித்தார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “ஓம் வாத்தியார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

மறுநாள் வாங்கு வெறுமை.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். சைக்கிளுக்கு ரயர் கிடைக்காத யுத்த காலம். மூன்று மைலும் நடைதான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால்... கக்கத்தில் குடையோடு ரெஜிஸ்டரும் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறவனுக்கு ரெஜிஸ்டர் எதற்கு?

அதை முதலில் கண்டவர் அவருடைய மனைவி அன்னம்மா.

“எங்கடை மாமா கல்லுச் சுமக்கேல்லை எண்டு சொல்லியாச்சு. இனி எங்கடை கலியாணமும் நடக்கேல்லை எண்டு சொல்லவோ வந்தனீங்கள், வாத்தியார்?”

“அது நடந்தது. புத்தகத்திலை இருக்கு” என்றேன்.

தோட்டத்தில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் ஒருவர் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க, செல்லையா அண்ணை வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றி விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “கொஞ்சம் பிடியுங்கோ” என்று மண்வெட்டியைத் தந்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் மிகுந்த அக்கறையோடு அடுத்த பாத்தியை வெட்டித் திறந்தேன்.

“ஐயோ வாத்தியார், அது நேற்றுப் பின்னேரம் இறைச்ச பாத்தி! ஈரம் தெரியேல்லையோ?”

“வரிசையைப் பார்த்தனான் அண்ணை. மண்ணைப் பார்க்கேல்லை.”

அவர் சிரித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. “அண்ணை, அண்டைக்குச் சனிக்கிழமை நான்...”

“பொறுங்கோ, நான் முதல் சொல்லுறன். நீங்கள்தான் என்னை மன்னிக்க வேணும்.”

“நானோ? எதுக்கு?”

“உங்களிலை எனக்கு நல்ல கோவம். வெளியிலை காட்டேல்லை, உள்ளுக்கை எரிஞ்சது. அந்த எரிச்சலோடை எப்பிடித் திருவிருந்துக்கு வாறது? இறைப்பு முடிய உங்களிட்டை வரத்தான் இருந்தனான். முந்தியிட்டியள்.”

மண்வெட்டியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில், “அப்புவின்ரை கதை...?” என்று இழுத்தேன்.

“அப்பு அப்ப சைவம், வாத்தியார். திருநீறு பூசிக்கொண்டுதான் கல்லுச் சுமந்தவர். பக்கத்து வளவிலை சனம் வெயிலுக்கை பாடுபடேக்கை பார்த்துக்கொண்டு நிக்க ஏலாமல் போச்சாம். ஞானஸ்நானம் பிறகெல்லோ.”

“இதை அங்கையே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னால் எல்லாரும் உங்களைப் பார்த்தெல்லோ சிரிச்சிருப்பினம்?”

உள்ளே எரிந்துகொண்டிருந்த நேரத்திலும் மனிதர் என் மானத்தைக் காத்திருக்கிறார்!

தாழ்மையைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே எழுதியும் இருக்கிறேன். கோபமே வராதவர்தான் தாழ்மையுள்ளவர் என்று ஓர் எண்ணம் எனக்கு. அப்படியில்லைப் போலிருக்கிறது. கோபம் வந்ததை மறைக்காமல், கோபமூட்டியவனிடமே போய் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க எத்தனை பேரால் முடியும்? அதுவும் நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருக்கும்போது?

என் கணக்குப் பிழைத்த இடமும் அதுதான். சபையில் பெயர் ஏறிய நாளை ரெஜிஸ்டர் சரியாகத்தான் சொன்னது. ஒருவர் அயலவனுக்குக் கை கொடுக்கத் தொடங்கிய நாளை எந்த ரெஜிஸ்டர் எழுதும்?

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் ஆயத்தக் கூட்டம். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன் — நேற்று இறைத்த பாத்திக்குத் தண்ணீர் விட்டது உட்பட. சனம் சிரித்தது. போன முறையைவிடக் கூடத்தான். செல்லையா அண்ணை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வெட்கம் அவருக்கு வந்ததுபோல.

மறுநாள் எழுதிய குறிப்பு இது:

“ஞாயிறு. திருவிருந்து. வெயில். மூன்றாம் வாங்கு, தென் ஓரம் — செல்லையா, வரவு. அவருடைய தகப்பனார் கல் சுமந்தது மகனின் வாய்மொழி. எழுத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் கல் எந்தச் சுவரில் என்பதும் இன்னும் தெரியாது.”