‘ஊ’ என்று கத்திய மத்தியானம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிரெஞ்சு தேசத்துக்கு வந்து கோப்பை கழுவின கையால் லாச்சப்பலில் மரக்கறிக் கடை போட்டேன், சார்செலில் வீடு வாங்கினேன், இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஒருத்தரும் தூக்கிவிடவில்லை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, எங்கள் தெருக் கடைகளுக்குள் முதன்முதல் பாலன் குடில் வைத்ததும் நான்தான். விசாரித்துப் பாருங்கள்.

போன நத்தாருக்கு, குடிலைச் சுற்றி முள்ளிலைக் கொப்புகள் செருகினேன். பிரெஞ்சுக்காரர் கதவில் கட்டுவார்களே, பளபளவென்ற இலையும் சிவப்புப் பழமுமாக, அதுதான். பார்க்க நல்ல வடிவு.

மத்தியானம் பேத்தி, மகனுடைய பிள்ளை, கடையில் குடிலுக்கு முன்னால் இருந்து விளையாடினாள். நாலு வயது. “பாலனுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு” என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பாலன் காலடியில் மூன்று பழம். இவள் வாயெல்லாம் சிவப்பு.

அந்தப் பழம் நஞ்சென்று விற்றவன் சொல்லியிருந்தான்.

என் மனுசி, பிள்ளையை வாந்தி எடுக்க வைக்க உப்புத்தண்ணி கலக்க ஓடினாள். நான் அவசர இலக்கத்துக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“என்ன பழம்?”

“ஊ.” அந்தச் செடிக்கு பிரெஞ்சில் அதுதான் பெயர்.

“எங்கே என்று நீங்கள்தான் ஐயா சொல்லவேணும்.”

“லாச்சப்பல்!”

“சரி. என்ன பழம்?”

“ஊ! ஊ!”

“இப்போதுதானே லாச்சப்பல் என்றீர்கள்?”

‘எங்கே’ என்பதற்கும் அவர்கள் பாஷையில் ‘ஊ’தான். எழுத்து வேறாம், காதுக்கு ஒன்று. மனுசி பக்கத்தில் நின்று, “என்னப்பா, நரி மாதிரி ஊளையிடுறியள்? பிள்ளை சாகப்போகுது!” என்று குழறினாள். கடைசியில் கத்தினேன்: “நத்தார்! கதவு! முள்ளு! சிவப்பு!”

“ஆ, ஊ!” என்றாள் தொலைபேசியில் இருந்தவள்.

எத்தனை பழம் என்று கேட்டாள். பாலனுக்கு மூன்று என்றால் இவளுக்கும் மூன்றுதானே. வாயைத் துடைத்துவிடுங்கள், சத்தி எடுக்க வைக்கவேண்டாம், எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றாள். மனுசியின் உப்புத்தண்ணிக் கோப்பையைப் பறித்துக் கீழே ஊற்றினேன்.

பிறகு பேத்தி அரிசி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினாள். அவள் நித்திரை கொள்ளும் நேரம்தான். ஆனால் இது நித்திரையா, சோர்வா? மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. கன்னத்தில் தட்டினேன். அசைவில்லை. உலுப்பினேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. தொலைபேசியைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

“லெஸ் முவா, அப்பப்பா!”

என்னை விடென்று பிரெஞ்சில் ஏசிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இப்போது மனுசி கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் “மாதா காப்பாத்தினவ” என்கிறாள். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தட்டும், நான் மறிக்கவில்லை. ஆனால் அந்த ‘ஊ’வை விளங்கப்படுத்தினது நான், உப்புத்தண்ணியைக் கீழே ஊற்றினது நான். அதையும் சொல்லிப்போட்டுக் கொளுத்தட்டும்.