உள்ளங்கையால் திறக்கும் மூடி

துறைமுக வேலைக்காக மாற்றலாகி வந்த அப்பா, ஓய்வு பெற்ற பிறகும் கல்கத்தாவை விட்டுப் போகவில்லை. நான் ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மிக்ஸி தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். வடிவமைப்புப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண்.

கல்யாணமாகி சால்ட் லேக்கில் குடியேறினோம். பக்கத்து செக்டர் ஃபைவின் ஐ.டி. வேலைக்காக வெளியூர் இளைஞர்கள் வந்து குவிந்துகொண்டிருந்த சமயம். அதே வேகத்தில் அந்தத் தெருவின் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி வீடுகளில் வயதான இரண்டு பேர்தான் மிச்சம். எங்கள் மாடியில் இருந்த, நான் மாஷிமா (பெரியம்மா) என்று கூப்பிட்ட வங்காளி அம்மாவும் அவர் கணவரும் அப்படித்தான்.

ஒரு காலை மாஷிமா மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். உள்ளே மீனுக்கு அரைத்த கடுகு. முடக்குவாதத்தில் அவர் விரல்கள் வளைந்திருந்தன.

"ஏ மா, இதைக் கொஞ்சம் திறந்து குடேன். மிக்ஸி நல்ல மிக்ஸிதான். என் கைதான் உதவாம போச்சு" என்றார் வங்காளத்தில்.

அது எங்கள் கம்பெனி மிக்ஸி. திறக்க எனக்கே பலம் தேவைப்பட்டது.

"உங்க கையில ஒண்ணும் குறை இல்ல, மாஷிமா. மூடிதான் சரியில்ல. இதைப் பண்றது எங்க கம்பெனிதான்" என்றேன்.

அன்று சாயங்காலம், மாஷிமாவின் கை படும் பாட்டைத் தெரிந்துகொள்ள, கம்பளிக் கையுறைகளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, விரல்களைச் சேர்த்து டேப் ஒட்டி, வீட்டிலிருந்த பாட்டில், டப்பா எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். வெளியே மே மாத வெயில்.

"என்ன, டார்ஜிலிங் கிளம்பிட்டியா?" என்றார் கணவர்.

மறுவாரக் கூட்டத்துக்கு அந்தக் கையுறைகளோடு போனேன். விற்பனை மேலாளர் தலையை ஆட்டினார். "மிக்ஸி வாங்கறது புதுசா கல்யாணமானவங்க. வயசானவங்களுக்குன்னு யாராவது மிக்ஸி பண்ணுவாங்களா?"

"ஒரே ஒரு தடவை போட்டுக்கிட்டு திறந்து பாருங்க, சார்."

முறுக்கினார், வழுக்கியது. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி இழுத்தார். ஜார் நழுவி மேஜைக்கடியில் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கையுறைகளை மெதுவாகக் கழற்றினார்.

"எங்கம்மா மருந்து பாட்டிலை என்கிட்ட நீட்டுவாங்க. 'இது கூடவா முடியல'ன்னு கேட்டிருக்கேன்" என்றார். பிறகு, "செஞ்சு பாருங்க" என்றார்.

முதல் மாதிரி தோல்வி. அரைக்கும்போதே மூடி திறந்துகொண்டு, மாஷிமாவின் சமையலறைச் சுவர் முழுக்கக் கசகசா விழுது தெறித்தது. "புதுசா பெயின்ட் அடிச்சாப்பல இருக்கு" என்று அவர் சிரித்தாரே தவிரக் கோபித்துக்கொள்ளவில்லை. ரப்பர் வளையத்தை மாற்றினேன், பிடியை அகலமாக்கினேன், பிளேடைத் தாழ்த்தினேன். இரண்டு பேருக்கான கசகசா கொஞ்சம்தான். பெரிய ஜாரில் அது பிளேடுக்கே எட்டாது.

கடைசி மாதிரியை மாஷிமாவின் முன்னால் வைத்தேன். பிடியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டக்கென்று மூடி விட்டுக்கொடுத்தது. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ஏங்க, இங்க வாங்களேன்!" என்று கணவரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். அந்த நிமிடம் என் படிப்பு முழுவதும் அந்த ஒரு மூடிக்காகத்தான் என்று தோன்றியது.

விற்பனைக்கு வந்த சில மாதங்களில் பவானிபூரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு குஜராத்திப் பெண்ணுக்குக் கடைக்காரர் எங்கள் ஜாரைக் காட்டிக்கொண்டிருந்தார். "விரலே வேண்டாம், பெஹன்ஜி. முழங்கையால அழுத்தினாக்கூடப் போதும்" என்று செய்தும் காட்டினார். முழங்கையை நான் யோசித்ததே இல்லை.

அவள் வாங்கிக்கொண்டு போனதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்த மூடி நான் பண்ணினது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, உள்ளே போய் ஒரு கேஸ் லைட்டரை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"அப்போ இதையும் பாருங்க, தீதி. வயசானவங்க யாராலயும் அமுக்க முடியல."

கடை வாசலிலேயே நின்று அமுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.