ஞானராஜ் மறைத்த பெயர்

காலையில் முத்தம்மா போன் செய்தார். "ஞானராஜ் சார் போயிட்டாருங்க டீச்சர். வெரசா வாங்க."

நான் உடனே கிளம்பவில்லை. செண்பகனூர் வகுப்பில் எங்களோடு இருந்த உங்களில் சிலருக்கு ஏனென்று தெரியும். மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வடிவமைப்பு வகுப்பை நானும் அவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். முள் அடர்ந்த உண்ணிச்செடிக் கொம்பில் கூடை முடையும் முத்தம்மாவும் மாணவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். முதல் வாரம் மாணவர்கள் கம்ப்யூட்டரில் அழகழகாகக் கூடை வரைந்து வந்தார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. எல்லோரையும் ப்ளம்ஸ் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்கப் பழம் பறிக்க வைத்தார். "முதுகு வலிச்சப்புறம் வரைங்க" என்றார். அவரும் எங்களோடு சுமந்தார்.

கூடையைக் கவிழ்க்கும்போதுதான் பழம் அடிபடுகிறது என்று அன்று புரிந்தது. அடிப்பக்கம் திறக்கும்படி மாணவர்கள் வரைந்தார்கள், அப்படி முடைந்து பார்த்தபோதும் பழம் அடிபட்டது. முத்தம்மா அந்தத் திறப்பில் நீளமாக ஒரு துணியைக் குழாய் போலத் தைத்து, அதன் வாயைக் கயிற்றால் கட்டினார். "கொட்டக் கூடாதுங்க. தூங்குற பிள்ளைய எறக்குற மாதிரி எறக்கணும்." கயிற்றை அவிழ்த்ததும் பழங்கள் மெல்ல வழுக்கி இறங்கின. ஞானராஜ் எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த வருடம் முத்தம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நான் முடைஞ்ச கூடைய நானே முடையக் கூடாதாமே டீச்சர்?" அவரிடம் கூடை வாங்கும் கடைக்கார பாய்க்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது. அந்த வடிவத்தை ஞானராஜ் தன் பெயரில் பதிவு செய்து, வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருந்தார்.

நேரே போய்க் கேட்டேன்.

"ஒரு பேருதான் போட முடியும்னாங்க" என்றார்.

"அப்போ முத்தம்மா பேரப் போட்டிருக்கலாமே?"

ஒரு பெயர்தான் போட முடியும் என்பதே பொய் என்று பிறகு தெரிந்தது. அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நோயில் படுத்தபோது இரண்டு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

அடக்கத்துக்கு மதியம் போனேன். முத்தம்மா தேம்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவருக்காகவா அழுவுறீங்க?"

"நம்மகூட உக்காந்து முள்ளு குத்துப்பட்ட கைங்க அது. அதுக்கு அழுவுறேன். கையெழுத்துப் போட்டதுக்கு இன்னும் கோவந்தான்."

எனக்குக் கண்ணீர் வரவில்லை. இப்போதும் வராது. ஆனாலும் புதிய மாணவர்களைத் தோட்டத்தில் ஒரு நாள் சுமக்க வைத்த பிறகே வரையச் சொல்கிறேன். இது யார் யோசனை என்று கேட்கிறார்கள். ஞானராஜ் என்று சொல்கிறேன்.