ஞானத்தாய் வீட்டுக் கதவு

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐவரையும் ஆளாக்கினேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் இதை மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் பேத்தி ஷாமினியிடம் சொல்லி எழுதவைக்காமல் என் கையாலேயே எழுதுகிறேன்.

என் ஞானத்தாயின் கையில் எப்போதும் ஏலக்காய் வாசம் இருக்கும். கண்டி டவுனில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்த சிங்களக் கத்தோலிக்க அம்மா அவர். எங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன் அவர் வீட்டில் சமையலுக்கு நின்றவள். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவர்தான் என்னைக் கையில் ஏந்தி, இந்தப் பிள்ளைக்கு இன்னொரு தாயாக இருப்பேன் என்று சாமியார் முன்னால் வாக்குக் கொடுத்தாராம். ஞாயிறுதோறும் நாங்கள் ஹந்தானை மலையிலிருந்து இறங்கி வந்து பூசை காண்போம். முடிந்ததும் கோயில் வாசலில் நான் அவர் முன் கைகூப்பி நிற்பேன். அவர் என் தலையில் கைவைப்பார். எங்கள் வீட்டில் அதற்கு "ஆசீர் வாங்குறது" என்று பெயர். கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் சட்டைத்துணியும் வரும். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளில் எனக்கு மட்டும் இப்படி ஒரு டவுன் அம்மா இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எனக்குப் பதினொரு வயதானபோது தமிழ் ஆட்களைத் தேடி அடித்த கலவரம் வந்தது. கீழ்லயத்தைக் கொளுத்தியதும் எல்லோரும் தேயிலைச் செடிகளுக்குள் போய் ஒளிந்தார்கள். அப்பா முந்தின வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவின் மடியில் பால்குடி மறவாத தம்பி. அவன் அழுதால் எல்லோரும் அகப்படுவோம், நீயாவது தப்பித்துக்கொள் என்று அம்மா என்னை மட்டும் ஞானத்தாயிடம் போகச் சொன்னாள். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதே என்று பக்கத்து வீட்டு அக்கா தடுத்தபோது, அம்மா "சாமி முன்னுக்கு வாக்குக் குடுத்தவங்க. விட்டுருவாங்களா?" என்றாள்.

குறுக்குப் பாதையில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். ஞானத்தாய் திறந்து, என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுக்கப் போனார். அதற்குள் தெருவில் பொல்லுத் தடிகளோடு வந்த நாலைந்து பேர் நின்று, இது யார் பிள்ளை என்று கேட்டார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். தனக்குத் தெரியாது, ஏதோ வேலை கேட்டு வந்த தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லிவிட்டு அவர் என் கையை விட்டார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

அந்தக் கூட்டத்தில் நரைத்த தலையோடு நின்ற ஒருவர் என்னைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி மலையேறினேன். யாரென்றே தெரியாத அந்த மனுஷன் விட்டுவைத்த உயிர்தான் இது.

நடந்ததைச் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்க அப்புடிச் சொல்லியிருக்க மாட்டாங்க. ஒனக்குத்தான் சரியா கேட்டிருக்காது" என்றாள். கதவு மூடியதைவிட அதுதான் எனக்கு வலித்தது. ஊர் அடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிறு, கோயில் வாசலில் என் பிடரியைப் பிடித்து அவர் முன் குனிய வைத்தாள். ஞானத்தாய் என் தலையில் கைவைத்தார். "நல்லா இரு மகளே" என்றார்.

பல வருஷம் கழித்து இன்னொரு கலவரம். அப்போது நான் பிள்ளைக்காரி. வயதான அம்மா, மூத்தவளை ஞானத்தாய் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். என்னை வெளியில் விட்டுத் தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்கா என்று கேட்டேன்.

"தெரியும்டி. அன்னைக்கே தெரியும்" என்றாள் அம்மா. "நமக்கு இருந்ததே அந்த ஒரு கதவுதானே. நீ சொன்னத நம்புனேன்னு காட்டியிருந்தா அதுவும் இல்லாமப் போயிருக்கும்."

மூத்தவளை நான் அனுப்பவில்லை. அம்மாவோடு கனநாள் பேசவுமில்லை.

இப்போது அந்த வீடு இல்லை, அங்கே கைபேசிக் கடை இருக்கிறது. பூசை முடிந்து யாரும் ஆசீர் வாங்க நிற்பதில்லை. பிள்ளைகள் ஆட்டோவுக்கு ஓடுகிறார்கள். ஞானத்தாயை நான் மன்னித்துவிட்டேன் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஷாமினி, இங்க வா கண்ணு. அம்மாயி எழுதினத மொதல்லருந்து வாசிச்சுக் காட்டு. அந்த டவுன் அம்மாட பேர எங்கயாவது எழுதிட்டேனான்னு பாரு, இருந்தா வெட்டிரு. அவங்களுக்கும் பேரப்புள்ளைங்க இருக்கும்.