பெட்டிக்குத் துணை

கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, ரப்பர் ஊதியால் புஸ் புஸ்ஸென்று காற்றடித்து, இரண்டின் வாய்க்கும் மூடி போட்டு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற பக்குவத்தோடு பஞ்சில் வெட்டிய பள்ளத்தில் கிடத்துகிறார். பெட்டியை மூடித் தூக்கி, காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குகிறார். உள்ளே ஏதோ அசைந்ததுபோல் அவருக்கு ஒரு சந்தேகம். திரும்பத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பயணம் அடுத்த வாரம்தான். அதுவரை கட்டில் பெட்டிக்கு. அவர் மனைவிக்குக் கூடத்துச் சோபா.

உறவுக்காரப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர், பெட்டி மாமா. அது காதில் விழுந்தும் அவர் கோபப்பட்டதில்லை. பட்டம் கொடுத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேத மதிப்பீட்டாளர் உத்தியோகம். நசுங்கிய கார், தண்ணீரில் ஊறிய இயந்திரம், நொறுங்கிய கடைக் கண்ணாடி என்று எதன் முன்னாலாவது நின்று, "இது போச்சு, இது தேறும்" என்று எழுதிக் கொடுப்பார். நாள் முழுக்க உடைந்ததையே பார்க்கிறவருக்கு உடையாத ஒன்றின் மேல் ஆசை வருவது நியாயம்தான். அந்த ஆசை ஒரு கேமராவோடு அடங்கியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இப்போது மூன்று கேமராக்கள். லென்ஸ்கள் எத்தனை என்று அவர் மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

விசேஷ வீடுகளில் அவரிடம் யாராவது "அடுத்த மாசம் ஃப்ளைட்ல போறோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. தட்டோடு அந்த ஆளை ஓரம் கட்டிவிடுவார்.

"பேட்டரியக் கீழ போடுற லக்கேஜ்ல வைக்கவே கூடாது. தனியா எடுத்து, முனையில டேப் ஒட்டி, கையோட வச்சுக்கணும். லென்ஸ மாட்டின வாக்குல வச்சீங்கன்னா ஒரே ஆட்டத்துல கழுத்து முறிஞ்சிரும். பை மேல கேமரா கம்பெனி பேரு தெரியக்கூடாது. தெரிஞ்சா, 'வாப்பா திருடா'ன்னு நாமளே பலகை மாட்டின மாதிரி."

சொல்வதில் ஒரு பிழையும் கிடையாது. கேட்டுக்கொண்டிருப்பவரிடம் கேமராவே கிடையாது என்பதுதான் சங்கடம். கடைசியில் கண்ணை லேசாக மூடிக்கொண்டு தன் கொள்கையைச் சொல்லி முடிப்பார்: "ஒண்ணு என் மடியில, இல்ல என் தலைக்கு மேல. நடுவுல வேற இடம் கிடையாது."

இத்தனை பாதுகாத்துக் கொண்டுபோகிற கேமராவால் அவர் எடுத்த படங்கள் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். வீட்டுச் சுவரில் ஒன்றும் இல்லை. கணினியில் நிறைய இருக்கின்றன. எல்லாம் எதிர்வீட்டுச் செங்கல் சுவர். புது லென்ஸ் வரும்போதெல்லாம் மூலைவரை துல்லியம் இருக்கிறதா என்று அந்தச் சுவரை எடுத்துப் பார்ப்பார். அந்தச் சுவருக்கு வயதாகிவருவதை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். மனைவிக்கு வயதானதற்கு அப்படி ஓர் ஆதாரமும் இல்லை. மலைக்குப் போனால் பனி, கடலுக்குப் போனால் உப்புக்காற்று, ஊருக்குள் போனால் திருடன். பெட்டி போகும், வரும். திறக்காது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். விமான நிலையத்தில் கைப்பையை எடை பார்ப்பார்கள் என்பதற்காக அவர் அவளுக்கென்று உடைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு குளிர் ஜாக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். உள்ளும் புறமும் பை பையாக இருக்கும். வலப்பக்கம் நீள லென்ஸ், இடப்பக்கம் பேட்டரிகள், உள்பையில் இன்னொரு லென்ஸ். அதைப் போட்டுக்கொண்டு பரிசோதனை வரிசையில் அவள் நிறைமாதக்காரிபோல் நடப்பாள். பின்னாலிருந்து அவர், "நிமிந்து நட, இயல்பா இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

இந்தப் பயணம் அவளுடைய அப்பாவைப் பார்க்க. அவர் தூரத்து ஊரில் மகன் வீட்டில் இருந்தார். நெஞ்சில் அறுவை சிகிச்சையாகி மருத்துவமனையில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். அக்காவான அவள், தம்பி, தங்கை மூவரும் ஒரே கூரையின் கீழ் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தங்கை வெளிநாட்டில் செவிலி. விடுப்பு முடிந்து, இவர்கள் போய்ச் சேருகிற மறுநாள் காலையில் கிளம்ப வேண்டியவள். ஆக மூவரும் சேர்ந்திருக்கக் கிடைத்தது ஒரே ஒரு மாலை. அப்பா தொலைபேசியில் சொன்னார்: "மாப்பிள்ளைய அந்தப் பெட்டியோட வரச் சொல்லும்மா. நாம எல்லாரும் ஒண்ணா நின்னு ஒரு படம் எடுத்துக்கணும். அடுத்தவாட்டிக்குன்னு தள்ளிப்போட எனக்குத் தெம்பில்ல."

இதைக் கேட்டுப் பெட்டி மாமா பூரித்துப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ பெட்டியையும் சேர்த்து அழைத்திருக்கிறார்கள்.

முதல் விமானம் பெரியது. முந்தியடித்து ஏறி, தலைக்கு மேல் தட்டில் பெட்டியை வைத்து, அதற்கு இருபுறமும் தன் சட்டையையும் மனைவியின் துண்டையும் செருகினார். பின்னால் வந்த ஒருவர் தன் பையைப் பக்கத்தில் தள்ளப் பார்த்தபோது, "மெதுவா, மெதுவா! உள்ள கண்ணாடி இருக்கு" என்று எழுந்து நின்றுவிட்டார். அந்த ஆள் பயந்து பையைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் விமானம் மாற வேண்டும். இரண்டாவது விமானம் சிறியது, இறக்கையில் விசிறி சுழல்கிறது. விமானத்துக்குப் போகும் வாசலில் நின்ற பணிப்பெண் பெட்டியைப் பார்த்ததும் கையிலிருந்த அடையாளச் சீட்டை அதில் கட்டப் போனாள்.

"சார், இது கீழ போகணும். மேல தட்டுல சின்னப் பைதான் நுழையும்."

"நுழையலைன்னா மடியில வச்சுக்கறேன்."

"கிளம்பறப்ப மடியில எதுவும் வைக்கக் கூடாது சார்."

"பக்கத்து சீட்டுக்குப் பணம் கட்டிடறேன். அதுல உக்கார வைங்க."

பணிப்பெண் ஒரு கணம் திகைத்தாள். 'உக்கார வைங்க' என்பது மனைவியைப் பற்றியா பெட்டியைப் பற்றியா என்று அவளுக்குப் புரியவில்லை. "எல்லா சீட்டும் போயிடுச்சு சார். நானே கையால தூக்கிட்டுப் போயி கடைசியா வைக்கச் சொல்றேன். இறங்கினதும் படிக்கிட்டயே உங்க கையில கொடுத்துடுவாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவரோ பிள்ளையைக் கேட்டதுபோல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். வரிசை பின்னால் நெளிந்தது.

மனைவி அவரை ஓரமாக இழுத்தாள். "என்னங்க, ஒரு கேமராவையும் ஒரு லென்ஸையும் எடுத்துக் கழுத்துல மாட்டிக்கோங்க. பேட்டரி எங்கிட்ட இருக்கு. மிச்சம் கீழ போகட்டும். ஒரு படம் எடுக்க அது போதாதா?"

"போதாதான்னா கேக்கற? கழுத்துல தொங்கவிட்டு அந்த இடுக்குல நுழையறப்ப ஒருத்தன் முழங்கை பட்டா என்ன ஆகும் தெரியுமா? நான் தினம் பாக்கறேன். நீ பாத்ததில்ல."

"அப்பா காத்துட்டிருப்பாரு."

"நாளைக்குப் பெரிய விமானம் ஒண்ணு மாமா ஊருக்குப் பக்கத்துல போய் இறங்குதாம். அங்கேருந்து கார் பிடிச்சுக்கலாம்."

"நாளைக்குத் தங்கச்சி இருக்கமாட்டா. கிளம்பிடுவா."

அவர் யோசித்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் மாமனார், மைத்துனன், மைத்துனி, ஒரே ஒரு மாலை. மறு பக்கம் பெட்டி. சேதத்தை மதிப்பிடுவதில் பழுத்த மனிதர் அல்லவா, சீக்கிரமே முடிவுக்கு வந்துவிட்டார்.

"அப்ப நீ போ. நான் பெட்டியோட வரேன்."

அவள் தன் பயணச்சீட்டை மட்டும் பணிப்பெண்ணிடம் நீட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தாண்டி நடந்தாள்.

"இந்தா, நில்லு நில்லு!"

அவர் குரல்தான். ஓடி வருகிறார். அவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது துள்ளியதை நினைத்துப் பின்னால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் மூச்சிரைக்கக் கையை நீட்டினார்.

"ஜாக்கெட்டக் கழட்டு. நீள லென்ஸ் அதுல இருக்கு."

கழற்றிக் கொடுத்தாள். அவர் பைகளைத் தடவிப் பார்த்து, எல்லாம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, "பாத்துப் போ" என்றார். எதைப் பார்த்து என்று அவள் கேட்கவில்லை.

விமானத்துக்குள் குளிர் வெடவெடத்தது. மெல்லிய உடையோடு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவருடைய இருக்கை பக்கத்தில் காலியாக இருந்தது. விமானம் எழும்பிய பிறகுதான் தோள்கள் லேசாக இருப்பதைக் கவனித்தாள். காலியாக இருந்த இருக்கையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, இறங்கும்வரை தூங்கினாள்.

வீட்டு வாசலில் தம்பி, தங்கை, தம்பியின் மகள் எல்லாரும் நின்றிருந்தார்கள். உள்ளே அப்பா நாற்காலியில், முகம் வற்றி, சட்டைக் கழுத்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"பெட்டி தனியா இருக்கும்னு துணைக்கு நின்னுட்டாருப்பா."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். தையல் போட்ட நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தங்கை சிரித்தாள். தம்பி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். கூடவே அவளும் சிரித்தாள். சிரிப்பதற்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படம் தம்பி மகளுடைய கைபேசியில்தான் எடுத்தார்கள். தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு அவள் ஓடி வந்து நிற்க வேண்டும். முதல் தடவை தம்பியின் தலை காணாமல் போயிற்று. அடுத்த தடவை கைபேசி சரிந்து கூரையை எடுத்தது. கடைசியில் சரியாக விழுந்தது. அப்பா நடுவில், மூன்று பிள்ளைகளின் கைகளும் அவர் தோளில். தங்கை ஏதோ சொல்லவந்து வாய் பாதி திறந்திருக்கிறது. விடிந்ததும் தங்கை கிளம்பிவிட்டாள்.

பெட்டி மாமா அன்று பிற்பகல் வந்து சேர்ந்தார். பெரிய விமானத்திலும், அங்கிருந்து குளிர்சாதனக் காரிலும். காரிலிருந்து பெட்டி முதலில் இறங்கியது. வாசலில் நின்ற மைத்துனனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஒரு கீறல் இல்ல!"

"அப்பா உள்ள இருக்காரு அத்தான்," என்றான் அவன்.

"வரேன், வரேன். இது வெயில்ல நிக்கக் கூடாது."

கைபேசிப் படத்தைக் காட்டினார்கள். விரலால் பெரிதாக்கினார். மாமனாரின் கண்ணை, தங்கையின் கன்னத்தை, கூடத்து மூலையை என்று ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "புள்ளி புள்ளியா இருக்கு. முகத்துல விவரமே இல்ல. இத ஒரு படம்னு சொல்ல முடியாது."

"எனக்கு விவரம் போதுங்க," என்றாள் மனைவி. கைபேசியை அவர் கையிலிருந்து வாங்கித் தம்பி மகளிடம் கொடுத்தாள்.

மாமனார்தான் பேச்சை மாற்றினார். "அது கிடக்கட்டும் மாப்பிள்ளை. இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கீங்க. என்னை மட்டும் ஒண்ணு எடுத்துடுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேய்த்த சட்டை போட்டு, மகள் தலை வாரிவிட, ஜன்னலோரம் நாற்காலியில் வந்து அமர்ந்தார்.

"உடனே திறக்க முடியாது மாமா. குளிர்ல இருந்து வந்திருக்கு. இந்தச் சூட்டுல திறந்தா கண்ணாடியில வேர்த்துடும். கொஞ்ச நேரம் மூடியே இருக்கணும்."

"சரி, இருக்கட்டும்."

மாமனார் காத்திருந்தார். பெட்டி காத்திருந்தது. மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து, விமான வாசலில் நடந்த வாக்குவாதத்தை மைத்துனனுக்கு விவரித்தார். சொல்லச் சொல்லப் பணிப்பெண் முரடியாகிக்கொண்டே போனாள். "ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஒண்ணு என் மடியில, இல்ல என் தலைக்கு மேல." ஜன்னல் வெளிச்சம் மாமனாரின் முகத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முழங்காலுக்கும் இறங்கியது. கிழவர் இரண்டு தடவை தூங்கிவிழுந்து, இரண்டு தடவையும் திடுக்கிட்டு விழித்து, சட்டையை நீவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒருவழியாக மாப்பிள்ளை மண்டியிட்டுத் தாழ்ப்பாள்களைத் திறந்தார். மூடி உயர்ந்தது. பஞ்சுப் பள்ளங்களில் மூன்று கேமராக்களும் லென்ஸ்களும் போட்டது போட்டபடி பளபளத்தன. மாமனார் ஆவலோடு முன்னால் குனிந்தார். தலைமுடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். புன்னகைக்கத் தயாரானார்.

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தார். கேமராக்காரர்கள் குழு ஒன்றில் இருக்கிறார். பத்திரமாக வந்து சேர்ந்ததை அங்கே காட்ட வேண்டும். திறந்த பெட்டிக்கு நேர் மேலே கைபேசியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். ஏதோ உறுத்தியது. பஞ்சின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது.

"மாமா," என்றார், நிமிராமலே, புறங்கையால் காற்றைத் தள்ளிக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."